ஆயிரம் ஆண்டுத் துருக்கிய ஆட்சி பாரசீக மொழியில் விட்டுச்சென்றது என்ன?

2024 ஜூலையில் ஈரானின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மசூத் பெசெஷ்கியான் தப்ரீஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக நீண்ட காலம் இருந்தவர். அரசு மேடைகளில் பாரசீகம் பேசுவார். வடமேற்கு ஊர்க்காரர்களிடம் அவர்களுடைய துருக்கியிலேயே பேசுவார். அந்தக் காட்சிகளைப் பார்க்கும் பலருக்கும் வரும் சந்தேகங்கள் இவை: ஈரானியர் பேசுவது துருக்கியா? இரண்டும் உறவு மொழிகளா? பாரசீகம் பாதி அரபி, பாதி துருக்கி என்று சொல்கிறார்களே, அது சரியா?

இரண்டும் உறவு மொழிகள் இல்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவை. அந்த வாழ்க்கையில் துருக்கியம் பாரசீகத்துக்கு ஏராளமான பெயர்ச்சொற்களைக் கொடுத்தது, ஓரிரு விகுதிகளைக் கொடுத்தது. வாக்கிய அமைப்பை அது ஒரே ஒரு வட்டாரத்தில்தான் ஆழமாக மாற்றியது. அரியணை துருக்கியர் கையில் இருந்தும் ஏன் இப்படி ஆனது என்பதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து போக வேண்டும்.

## முதலில் பெயர்களைச் சரிசெய்வோம்

1. "துருக்கியம்" என்று இந்தக் கட்டுரையில் சொல்வது ஒரு மொழிக்குடும்பத்தை. துருக்கி நாட்டு மொழி, அசர்பைஜானி, துருக்மென், உஸ்பெக், கசாக், உய்குர் எல்லாம் அதன் உறுப்பினர்கள். ஈரானில் அசர்பைஜானி பேசுபவர்கள் தங்கள் மொழியைத் "துர்க்கீ" என்றே சொல்வார்கள். குழப்பம் பாதி இங்கேதான் தொடங்குகிறது. பாரசீகத்தைத் தொட்டது இஸ்தான்புல் மொழி அல்ல. மத்திய ஆசியாவிலிருந்து வந்த பழைய துருக்கியமும், பிறகு அசர்பைஜானியும் உஸ்பெக்கும்தான்.

2. பாரசீகம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஈரானியக் கிளை. ஈரானில் ஃபார்சி, ஆப்கானிஸ்தானில் தாரி, தஜிகிஸ்தானில் தஜிக் என்று மூன்று பெயர்களில் வழங்குகிறது. சமஸ்கிருதத்துக்கு இது தூரத்துப் பங்காளி. நாம் சொல்லும் நாஸ்திகன், ஆஸ்திகன் என்ற சொற்களுக்குள் இருக்கும் "அஸ்தி", பாரசீகத்தில் "அஸ்த்". இரண்டுக்கும் "இருக்கிறது" என்றே பொருள்.

3. அரபி மூன்றாவது குடும்பம், செமிட்டிக். பாரசீகத்துக்கு எழுத்தையும் ஆயிரக்கணக்கான சொற்களையும் தந்தது. அளவில் பார்த்தால் அரபியின் பங்கு துருக்கியத்தின் பங்கைவிடப் பல மடங்கு பெரியது. "பாதி துருக்கி" என்ற பேச்சு இந்த ஒன்றிலேயே அடிபட்டுப்போகிறது.

அமைப்பில் துருக்கியமும் பாரசீகமும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைத் தமிழர்களுக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் துருக்கியம் நம் மொழியைப் போல ஒட்டுநிலை மொழி. துருக்கி மொழியில் "எவ்" என்றால் வீடு. "எவ்லெர்" வீடுகள். "எவ்லெரிமிஸ்தெ" எங்கள் வீடுகளில். ஒவ்வொரு பொருளும் ஒரு விகுதியாகச் சொல்லின் வாலில் ஏறிக்கொண்டே போகிறது. பாரசீகத்தில் "தர் கானெஹா-யெ மா" என்பார்கள். "தர்" என்ற "இல்" முன்னால் வந்துவிடுகிறது, "மா" என்ற "நாங்கள்" தனிச்சொல்லாகக் கடைசியில் நிற்கிறது. துருக்கியத்தில் உயிரிசைவு என்று ஒன்றும் உண்டு: சொல்லில் இருக்கும் உயிரெழுத்துக்கு ஏற்ப விகுதியின் உயிரும் மாறும். "எவ்" என்பதோடு "லெர்" சேரும், குதிரை என்னும் "அத்" என்பதோடு "லர்" சேரும். பாரசீகத்தில் இந்தப் பழக்கமே கிடையாது.

## துருக்கியர் வந்த வழி

துருக்கியருக்கும் ஈரானியருக்கும் அறிமுகம் 6ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானிய வம்சத்தின் பேரரசர் முதலாம் குஸ்ரூ, ககான் என்னும் துருக்கியப் பேரரசரோடு கூட்டுச் சேர்ந்து மத்திய ஆசியாவை ஆண்ட ஹெப்தலைட்டுகளை வீழ்த்தினார். ஆனால் மொழிக்கு முக்கியமான தொடர்பு அதற்கு நான்கு நூற்றாண்டுக்குப் பிறகுதான் வருகிறது.

1. 10ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவின் புகாராவை ஆண்ட சாமானி வம்சத்தார் ஈரானியர்கள். புதுப் பாரசீகம் இலக்கிய மொழியாக நிமிர்ந்தது அவர்கள் அவையில்தான். அவர்களுடைய படையோ துருக்கிய அடிமை வீரர்களால் ஆனது. அப்படி வந்த தளபதிகளில் ஒருவர் அல்ப்தெகின்; அவருடைய அடிமையாக இருந்து மேலே வந்தவர் சபுக்தெகின்; சபுக்தெகினின் மகன் கஜினி மாமூது. ஃபிர்தௌசி 1010இல் முடித்த ஷாநாமாவைக் காணிக்கையாக்கியது இந்தத் துருக்கிய வம்சத்து மாமூதுக்குத்தான். பாரசீக வீரகாவியத்துக்குத் துருக்கியப் புரவலர். இனி வரப்போகும் பல நூற்றாண்டுகளின் மாதிரி இதிலேயே தெரிகிறது.

2. செல்ஜுக்குகள் என்னும் துருக்கியர் 1040இல் தந்தனகானில் கஜினிப் படையைத் தோற்கடித்து, 1055இல் பாக்தாதுக்குள் நுழைந்தார்கள். இந்த முறை வந்தது படை மட்டும் இல்லை. குடும்பம், ஆட்டு மந்தை, கூடாரம் என்று முழு மேய்ச்சல் சமூகமே நகர்ந்து வந்தது. இன்றைக்கு ஈரானின் வடமேற்கில் துருக்கி பேசும் மக்கள் இருப்பதற்கு அடிப்படை இதுதான். ஆனாலும் செல்ஜுக் ஆட்சியை நடத்திய அமைச்சர் நிஜாமுல் முல்க் பாரசீகர், அரசாட்சி பற்றி அவர் எழுதிய நூலும் பாரசீகத்தில்தான்.

3. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர். அவர்களுடைய படையில் பெரும்பகுதி துருக்கியம் பேசியது, எழுத்தர்களாக உய்குர்கள் வந்தார்கள். அரசு ஆவணங்களில் புதுச் சொற்கள் கொட்டின: ஆணைக்கு "யர்லிக்", முத்திரைக்கும் வரிக்கும் "தம்கா", அஞ்சல் நிலையத்துக்கு "யாம்". அதே காலத்தில் வரலாறு எழுதிய ஜுவைனி, உய்குர் பேச்சும் எழுத்தும் தெரிந்தாலே அதுதான் கல்வியின் உச்சம் என்று இப்போது கருதுகிறார்கள் என நொந்து எழுதியிருக்கிறார். பழைய படிப்பு படித்த எழுத்தர் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். அந்த வருத்தம் நமக்குப் புரியக்கூடியதுதான்.

4. தைமூர் வம்சம், அதன்பின் 1501இல் சஃபாவிகள், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் காஜார்கள். சஃபாவி அரசை நிறுவிய ஷா இஸ்மாயில் "கதாயி" என்ற புனைபெயரில் துருக்கியக் கவிதை எழுதினார். 1514இல் சல்திரானில் அவரோடு போரிட்ட உதுமானியச் சுல்தான் செலீம் எழுதியது பாரசீகக் கவிதை. ஈரானின் மன்னர் துருக்கியில் பாடுகிறார், துருக்கியின் மன்னர் பாரசீகத்தில் பாடுகிறார்! அந்தக் காலத்தில் மொழியும் அரசும் இன்றுபோல ஒரே கோட்டில் வரையப்படவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

காஜார் ஆட்சி 1925இல் முடிந்தது. இடையிடையே ஸந்துகள் போன்ற ஈரானிய வம்சங்களும் ஆண்டதுண்டு. அதைக் கழித்தாலும், கஜினி காலம் தொட்டு 1925 வரை பாரசீகம் பேசும் நிலத்தை ஆண்டவர்களில் பெரும்பாலோர் துருக்கியம் பேசிய வம்சத்தார்.

## வாள் ஒரு கையில், பேனா இன்னொரு கையில்

இவ்வளவு நீண்ட ஆட்சிக்குப் பிறகும் பாரசீகம் ஏன் அழியவில்லை? வேலைப் பிரிவினைதான் காரணம். படை துருக்கியரிடம், வரிக்கணக்கு, கடிதம், நீதி, கவிதை எல்லாம் பாரசீக எழுத்தர்களிடம். இதைத் "துர்க்", "தாஜிக்" என்று இரு வகுப்பாகவே அந்தக் காலத்தில் பேசினார்கள். மேலே ஏற விரும்பிய துருக்கியர் பாரசீகம் கற்றார். பாரசீக எழுத்தருக்குத் துருக்கியம் கற்க அத்தனை அவசியம் வரவில்லை.

11ஆம் நூற்றாண்டில் துருக்கியச் சொற்களைத் தொகுத்து அரபியில் விளக்கிய மஹ்மூத் அல்-கஷ்கரி ஒரு பழமொழியைப் பதிந்து வைத்திருக்கிறார்: "தாத் இல்லாமல் துருக்கியன் இல்லை, தலை இல்லாமல் குல்லாய் இல்லை." தாத் என்றால் பாரசீகம் பேசுபவன். ஒருவரை விட்டு மற்றவர் இல்லை என்பது துருக்கியர் வாய்ப் பழமொழியாகவே இருந்திருக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வு ஒருவரை மிகவும் உறுத்தியது. ஹெராத்தில் தைமூர் வம்ச அவையில் இருந்த கவிஞர் அலிஷேர் நவாயி (1441–1501) அவர். துருக்கியர் பெரியவர் சிறியவர் எல்லோரும் பாரசீகம் பேசுகிறார்கள், பாரசீகர் யாரும் துருக்கியம் கற்பதில்லை என்று வருந்தி, இரு மொழிகளையும் ஒப்பிட்டு 1499இல் ஒரு நூல் எழுதினார். துருக்கியம் பாரசீகத்துக்குக் குறைந்ததில்லை என்பது அவர் வாதம். அதில் இரண்டு சான்றுகள் தமிழர் காதுக்கு மிக நெருக்கமானவை.

முதலாவது உறவுமுறை. துருக்கியத்தில் அண்ணனுக்கு "ஆகா", தம்பிக்கு "இனி", அக்காவுக்கு "எகெச்சி", தங்கைக்கு "சிங்கில்". பாரசீகத்தில் அண்ணனும் தம்பியும் "பராதர்"தான், அக்காவும் தங்கையும் "காஹர்"தான். இதை நவாயி பாரசீகத்தின் குறையாகச் சுட்டுகிறார். பெரியவன் சின்னவன் என்று பிரிக்காமல் எப்படிப் பேசுவது என்ற அவருடைய வியப்பு, தமிழ் பேசி வளர்ந்த எவருக்கும் அப்படியே புரியும்.

இரண்டாவது வினைச்சொற்கள். பாரசீகத்தில் ஒரே சொல்லால் சொல்ல முடியாத நூறு துருக்கிய வினைகளைப் பட்டியல் போடுகிறார். அழுவதிலேயே எத்தனை வகை! அழுவதுபோல் பாவனை செய்ய ஒன்று, முனகி அழ ஒன்று, கதறி அழ ஒன்று. பாரசீகர் எல்லாவற்றுக்கும் "கிர்யா கர்தன்" என்கிறார்கள், அதாவது "அழுகை பண்ணு".

அவர் வாதம் இலக்கியத்தில் வென்றது. இன்றைக்கும் உஸ்பெக் இலக்கியத்தின் தந்தையாக அவரைப் போற்றுகிறார்கள். ஆனால் அந்த நூறு வினைகளைப் பாரசீகம் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கும் காரணம் உண்டு.

## என்னென்ன சொற்கள் போய்ச் சேர்ந்தன?

தெஹ்ரான் வீடு ஒன்றில் யாரோ ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்:

"கானோம், காஷோக்-ஓ போஷ்காப் தூயெ ஒதாக் அஸ்த்."

"அம்மா, கரண்டியும் தட்டும் அறையில் இருக்கிறது" என்று பொருள். இதில் நான்கு பெயர்ச்சொற்கள். நான்கும் துருக்கியம்.

1. கானோம்: பெண்களை மரியாதையாக விளிக்கும் சொல். "கான்" என்ற தலைவன் பெயரோடு "என்" என்ற பொருள் தரும் விகுதி சேர்ந்தது என்பது வழக்கமான விளக்கம். "பெக்" என்பதிலிருந்து "பேகம்" வந்ததும் இதே வழியில்தான்.
2. காஷோக்: கரண்டி.
3. போஷ்காப்: தட்டு. "காப்" என்றால் பாத்திரம், "போஷ்" என்றால் வெறுமையானது.
4. ஒதாக்: அறை. பழைய துருக்கியத்தில் கூடாரம். மேய்ப்பரின் கூடாரம் நகர வீட்டின் அறையாகிவிட்டது.

இப்போது மிச்சத்தைப் பாருங்கள். "உம்" என்னும் "ஓ", "உள்ளே" என்னும் "தூ", சொல்லோடு சொல்லைக் கோக்கும் "யெ", முடிவில் "அஸ்த்". எல்லாம் ஈரானியம். செங்கல் துருக்கியம், சுண்ணாம்பு பாரசீகம். ஒரு சொல்லைக்கூடச் செயற்கையாகச் சேர்க்காமல், அன்றாடப் பேச்சிலேயே இப்படி ஒரு வாக்கியம் அமைந்துவிடுகிறது.

துருக்கியச் சொற்கள் எந்தத் துறைகளில் குவிந்தன என்பதும் வரலாற்றை அப்படியே காட்டுகிறது. படை: "ஒர்தூ" பாசறை, "கோஷூன்" சேனை, "யூஸ்பாஷி" நூறுபேர் தலைவன். மேய்ச்சல்: கோடைக்கால மேடு "யெய்லாக்", குளிர்காலத் தங்கிடம் "கெஷ்லாக்", இனக்குழு "ஈல்". வீடு: அடுப்பு "ஒஜாக்", இஸ்திரிப்பெட்டி "ஒதூ", கத்தரிக்கோல் "கெய்ச்சி", பொத்தான் "தொக்மெ". சமையல்: "தொல்மெ", "கெய்மெ", "கோர்மெ". பணம்: "தோமான்". துருக்கிய-மங்கோலியத்தில் பத்தாயிரம் என்று பொருள். ஈரானியர் இன்றும் கடையில் பேரம் பேசுவது தோமானில்தான். 2020 மே மாதம் ஈரான் நாடாளுமன்றம் பத்தாயிரம் ரியாலை ஒரு தோமான் ஆக்கும் மசோதாவை நிறைவேற்றியபோது, அந்தப் பழைய பத்தாயிரம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது.

சில சொற்களின் பொருள் வழியில் மாறியது. "காச்" என்றால் துருக்கியத்தில் தப்பி ஓடு. ஓடிப்போனவன் "காச்சாக்". பாரசீகத்தில் அதுவே கடத்தல் சரக்கு. மங்கோலியத்தில் "நொகொர்" என்றால் தோழன். தலைவனுக்கு உயிர் கொடுக்கும் கூட்டாளி. பாரசீகத்தில் அது "நௌகர்" ஆகி வேலைக்காரன் என்று இறங்கியது. இந்தியில் "நௌக்ரி" என்பது அதன் பேரப்பிள்ளை. "ஆகா" மட்டும் மேலே ஏறியது. நவாயி சொன்ன அதே அண்ணன்தான் இன்று ஈரானில் "ஐயா", "திரு". முன்பின் தெரியாதவரை நாம் "அண்ணே" என்று கூப்பிடுவதை நினைத்துக்கொண்டால், அந்தப் பொருள் மாற்றம் நடந்த விதம் புரிந்துவிடும்.

எண்கள், உடலுறுப்புகள், நீர், ரொட்டி, உப்பு, போ, வா, சாப்பிடு ஆகியவற்றுக்கான சொற்கள் ஈரானியமாகவே நின்றன. ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் தோர்ஃபர் 1963 முதல் 1975 வரை நான்கு பெருந்தொகுதிகளில் பாரசீகத்திலுள்ள துருக்கிய, மங்கோலியச் சொற்களைத் திரட்டினார். அந்தக் குவியலில் கணிசமானவை பதவிப்பெயர்களும் படைச்சொற்களும். அந்தப் பதவிகள் ஒழிந்ததும் சொற்களும் ஒழிந்துபோயின. கரண்டியும் தட்டும் ஒழியவில்லை.

## வினைச்சொல் ஏன் வரவில்லை?

ஒரு மொழி இன்னொன்றிலிருந்து பெயர்ச்சொல்லை எளிதில் வாங்கும், வினையை வாங்கத் தயங்கும். ஏனென்றால் வினைக்குள் காலம், இடம், எண் எல்லாம் பிணைந்து கிடக்கின்றன. தமிழில் நாம் "டைப்பினேன்" என்று சொல்லாமல் "டைப் பண்ணினேன்" என்கிறோம். வெளியிலிருந்து வந்ததைப் பெயராக வைத்துக்கொண்டு "பண்ணு" என்ற நம் வினையை ஒட்டிவிடுகிறோம். பாரசீகத்தில் அந்த வேலையைச் செய்வது "கர்தன்".

மங்கோலியர் காலத்து வரலாற்று நூல்களில் இது உச்சத்துக்குப் போனது. "யாசாமீஷீ கர்தன்" என்று எழுதினார்கள்: ஒழுங்குபடுத்தல் பண்ணு. துருக்கிய வினையின் "-மிஷ்" எச்ச விகுதி, அதன்மேல் பாரசீக "-ஈ", அதன்மேல் "கர்தன்". மங்கோலிய ஆட்சி போனதும் இந்த "மீஷீ" சொற்களும் காணாமல் போயின. அலுவலக நடை அலுவலகத்தோடு போய்விட்டது.

நேராக நுழைந்து பாரசீக வினையாகவே மாறியவை மிகச் சில. அவற்றில் இரண்டு "சாபீதன்", "காபீதன்". முதலாவது கொள்ளையடி, இரண்டாவது பறி. அந்தப் படையெடுப்புகளை வாங்கிக்கொண்ட ஊர்களின் நினைவு இந்த இரண்டு வினைகளில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

விகுதிகளில் நிலைத்தது "-சீ". தொழில் செய்பவரைக் குறிக்கும். வேட்டைக்குப் பாரசீகச் சொல் "ஷெகார்", வேட்டைக்காரன் "ஷெகார்ச்சீ". வேடிக்கைக்கு அரபிச் சொல் "தமாஷா", பார்வையாளர் "தமாஷாச்சீ". ஐரோப்பாவிலிருந்து வந்த "போஸ்த்", தபால்காரர் "போஸ்த்ச்சீ". எந்த மொழிச் சொல்லோடும் ஒட்டுகிறது என்றால் அது கடன் என்ற நிலையைத் தாண்டி அந்த மொழியின் சொந்தக் கருவியாகிவிட்டது என்று அர்த்தம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: துருக்கியத்தில் இந்த விகுதி உயிரிசைவுக்கு ஏற்பப் பல உருவம் எடுக்கும். பாரசீகம் ஒரே உருவத்தை எடுத்து உறைய வைத்துவிட்டது. கருவியை வாங்கியது, அதன் பின்னால் இருந்த விதியை வாங்கவில்லை.

## துருக்கியத்தின் கணக்கில் தவறாக எழுதப்படுபவை

பாரசீக இலக்கணம் எளிமையானதற்குத் துருக்கியமே காரணம் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். காலக்கணக்கைப் பார்த்தால் இவை எதுவும் நிற்காது.

1. ஆண்பால், பெண்பால் இல்லாமை. பாரசீகப் பேரரசர் தாரியஸ் கி.மு. 520 வாக்கில் பெஹிஸ்தூன் பாறையில் வெட்டிய பழம்பாரசீகத்தில் மூன்று இலக்கணப் பால்கள் இருந்தன. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் சாசானியக் கல்வெட்டுகளில் அவை இல்லை. துருக்கியர் முதல் பேரரசு அமைத்ததே 552இல். வராதவர்கள்மேல் இந்தப் பழியைப் போட முடியாது.

2. "அவன், அவள்" இரண்டுக்கும் பாரசீகத்தில் "ஊ", துருக்கியில் "ஒ". ஒன்றுபோல ஒலிப்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று தோன்றும். பாரசீகத்தின் "ஊ", "அந்த" என்னும் பழம்பாரசீகச் சுட்டிலிருந்து படிப்படியாகத் தேய்ந்தது. துருக்கியின் "ஒ", பழைய "ஒல்". வெறும் தற்செயல்.

3. செயப்படுபொருளுக்குப் பின்னால் வரும் "ரா". நம் இரண்டாம் வேற்றுமை "ஐ" போலச் சொல்லின் கடைசியில் ஒட்டுவதால் துருக்கிய விகுதி என்று நினைக்கிறார்கள். பழம்பாரசீகத்தில் அது "ராதி", "பொருட்டு" என்ற பொருளில். இடைக்காலத்தில் "ராய்", இப்போது "ரா".

4. வினை வாக்கியத்தின் கடைசியில் வருவது. சாசானியர் காலப் பாரசீகத்திலும் அப்படித்தான்.

ஒன்றே ஒன்றில் அறிஞர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. "ரஃப்தெ அஸ்த்" என்ற வடிவம் "போயிருக்கிறான்" என்பதோடு, "போய்விட்டானாம்" என்று நேரில் காணாததைச் சொல்லவும் பயன்படுகிறது. துருக்கியத்தின் "-மிஷ்" இதே வேலையைத்தான் செய்கிறது. அக்கம்பக்கத்துத் தாக்கம் என்று சிலர், பாரசீகம் தானாகவே வளர்த்துக்கொண்டது என்று சிலர். நம் "ஆம்" விகுதியை நினைத்தால், இப்படி ஒன்றை வளர்த்துக்கொள்ள ஒரு மொழிக்கு அண்டை வீட்டார் தயவு கட்டாயம் வேண்டும் என்று சொல்ல முடியாது.

## இலக்கணமே மாறிய இடம்

சமர்கந்து, புகாரா, வடக்குத் தஜிகிஸ்தான். இங்கே கதை வேறு. இங்கே துருக்கியம் அரண்மனையில் இருந்த மொழி அல்ல, அடுத்த வீட்டு மொழி. தஜிக் பேசும் குடும்பமும் உஸ்பெக் பேசும் குடும்பமும் ஒரே தெருவில் வாழ்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, குழந்தைகள் இரண்டையும் சேர்த்தே கற்று வளர்ந்த இடம். சோவியத் எல்லைப் பிரிப்பில் சமர்கந்தும் புகாராவும் உஸ்பெகிஸ்தானோடு போனதால் இந்தக் கலப்பு தொடர்ந்தது.

1. கேள்வி விகுதி. ஈரானில் "நீங்கள் வருகிறீர்களா?" என்று கேட்கக் குரலை உயர்த்தினால் போதும், அல்லது "ஆயா" என்று தொடங்க வேண்டும். தஜிக்கில் கடைசியில் "-மீ" ஒட்டுகிறார்கள்: "ஷுமோ மெஓயெத்-மீ?" நம் "ஆ" இருக்கும் அதே இடம். உஸ்பெக்கிலிருந்து அப்படியே வந்தது.

2. உடைமை. ஈரானில் "கெதாபெ அஹ்மத்", புத்தகம் முன்னால், உடையவன் பின்னால். வடக்குத் தஜிக் பேச்சில் "அஹ்மதா கிதோபஷ்": அகமதோட புத்தகம். உஸ்பெக்கின் "அஹ்மத்நிங் கிதோபி" என்பதன் அச்சு. சொற்கள் பாரசீகத்தின் சொந்தம், வரிசை துருக்கியத்தின் சொந்தம்.

3. துணைவினை. "கோந்த" என்றால் படித்து. "கோந்த இஸ்தோதாம்", படித்து நிற்கிறேன், அதாவது படித்துக்கொண்டிருக்கிறேன். "கோந்த பரோமதன்", படித்து வெளியேறு, அதாவது முழுக்கப் படித்து முடி. "கோந்த தோதன்", படித்துக் கொடு. இந்த மூன்றையும் தெஹ்ரான்காரரிடம் சொன்னால் ஒரு கணம் விழிப்பார். தமிழர் விழிக்க மாட்டார். எச்சத்தோடு துணைவினை சேர்த்துப் பேசுவது நமக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ஆக, ஈரானில் கரண்டி மாறியது, வாக்கியம் மாறவில்லை. சமர்கந்தில் வாக்கியமே மாறியது. ஆட்சியின் நீளம் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். இரு மொழியையும் தினமும் வீட்டில் பேசியவர்கள் எங்கே அதிகம் என்பதுதான் வித்தியாசம். ஆப்கானிஸ்தானின் ஹசாராக்கள் பேசும் ஹசாராகியிலும் துருக்கிய, மங்கோலியச் சொற்கள் காபூல் தாரியைவிட நிறைய உண்டு.

## எதிர்த்திசைக் கடன்

பாரசீகத்திலிருந்து துருக்கியம் வாங்கியது இதைவிட அதிகம். துருக்கி மொழியில் நகரம் "ஷெஹிர்", சன்னல் "பென்ஜெரெ", நிறம் "ரெங்க்", வாரம் "ஹஃப்தா". எல்லாம் பாரசீகம். உதுமானிய எழுத்து நடை பாரசீகத் தொடரமைப்பையே எடுத்துக்கொண்டது. 1932இல் அதாதுர்க் தொடங்கிய மொழிக் கழகம் இவற்றில் ஏராளமானவற்றைக் களைந்தது. ஈரானிலும் 1935இல் ஃபர்ஹங்கெஸ்தான் என்ற மொழி அகாதெமி வந்தது. கான், பெக் போன்ற பட்டங்களை அரசு அதே ஆண்டில் ஒழித்தது. சேனைக்கு "கோஷூன்" போய் "அர்தெஷ்" என்ற பழைய ஈரானியச் சொல் புத்துயிர் பெற்றது. காஷோக்கையும் போஷ்காபையும் யாரும் தொடவில்லை. "ஆகா"வும் இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

தப்ரீஸின் கவிஞர் ஷஹ்ரியார் அசர்பைஜானியிலும் பாரசீகத்திலும் எழுதியவர். 1988 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். அந்த நாளைத்தான் ஈரான் பாரசீகக் கவிதை நாளாகக் கொண்டாடுகிறது.

## தமிழ்நாடு வரை வந்த சொற்கள்

இதே துருக்கியர், பாரசீகர் கூட்டு 1206 முதல் தில்லியிலும் ஆண்டது. பாபர் தன் வாழ்க்கைக் குறிப்பை மத்திய ஆசியாவின் இலக்கிய மொழியான சகதாய் துருக்கியில் எழுதினார். பேரன் அக்பர் காலத்தில், 1589இல், அதைப் பாரசீகத்தில் பெயர்க்க வேண்டியிருந்தது. மூன்றே தலைமுறையில் அரண்மனை எழுத்துமொழி மாறிவிட்டது. அந்தப் பாரசீகம் தக்காணம் வழியாக ஆற்காட்டு நவாபுகளின் அலுவலகம் வரை வந்தபோது, அதன் துருக்கியச் சொற்களும் கூடவே வந்தன.

உருது என்ற மொழியின் பெயர், பாசறை என்னும் "ஒர்தூ"தான். பரோட்டாவுக்கு ஊற்றும் குருமா, "வறு" என்னும் துருக்கிய வினையில் பிறந்த "கவுர்மா". கறிக்கடையில் கேட்கும் கைமா, "பொடியாக நறுக்கு" என்பதில் பிறந்த "கிய்மா". துப்பாக்கியையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. பாரசீகத்திலிருந்துதான் துருக்கிக்கே போனது என்ற கருத்தும் உள்ளதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

சங்கம், கோயில் கமிட்டி, கிரிக்கெட் கிளப் எல்லாவற்றிலும் தலைவர், செயலாளருக்கு அடுத்து ஒருவர் இருப்பார்: கஜாஞ்சி. "கஜானா" அரபி. கடைசியில் இருக்கும் "சி", தெஹ்ரான் தபால்காரருக்கு ஒட்டியிருக்கும் அதே துருக்கிய "-சீ". இரண்டையும் ஒட்டி அனுப்பியது பாரசீகம்.